முழங்கால் வீங்கினால் கண்ணைப் பார்ப்பது ஏன்?

மூன்று வயதுக் குழந்தையின் முழங்கால் வீங்கி ஆறு வாரமாகியும் வடியவில்லை. அடிபட்ட வீக்கமல்ல, கிருமித் தொற்றுமல்ல, மூட்டழற்சி என்று மருத்துவர் உறுதிசெய்கிறார். அதற்கடுத்து அவர் எழுதித் தருவது கண் மருத்துவருக்கு ஒரு கடிதம். குழந்தையின் கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. வலிப்பதாகக் குழந்தையும் சொல்லவில்லை. முழங்காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் விழிப்பது இயல்புதான். அங்கிருந்து வீடு திரும்புவதற்குள் இரண்டாவது கேள்வியும் வந்துவிடும்: எதனால் வந்தது? சாப்பாட்டாலா, தடுப்பூசியாலா, அடிக்கடி கொடுத்த சளி மருந்தாலா, வெயில்படாமல் வளர்த்ததாலா?

தடுப்பூசியை இந்தப் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடலாம். அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் எதுவும் நிறுவவில்லை. மற்றவற்றை அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. சிலவற்றுக்கு ஓரளவு சான்று இருக்கிறது, சிலவற்றுக்கு ஒன்றோடொன்று முரண்படும் சான்றுகள் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: சூழலுக்குப் பங்கு உண்டு என்று நம்ப வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு இன்னதுதான் என்று இன்றுவரை சுட்டப்பட்ட எதுவும், குறிப்பாகக் கண்ணைப் பொறுத்தவரை, குற்றவாளியாக நிரூபிக்கப்படவில்லை. ஏன் நிரூபிப்பது இவ்வளவு கடினம் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

வெள்ளையாகவே இருக்கும் கண்

16 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாத மூட்டழற்சியை இளம்பருவ மூட்டழற்சி என்கிறோம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே உடலின் சொந்தத் திசுவைத் தாக்குவதால் வரும் தன்னெதிர்ப்பு நோய் இது. இதில் ஒரே நோய் இல்லை, ஏழு வகைகள் இருக்கின்றன. நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகளில் தொடங்கும் வகையில்தான் கண்ணுக்கு ஆபத்து அதிகம். மிகச் சிறு வயதில் தொடங்கியிருந்தாலோ, ஏ.என்.ஏ. எனப்படும் எதிர்ப்பான்கள் இரத்தத்தில் இருந்தாலோ அந்த ஆபத்து இன்னும் கூடும்.

கண்ணின் வெளிச்சுவருக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் நடுவில் யுவியா என்ற அடுக்கு இருக்கிறது. கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஐரிஸ் அதன் முன்பகுதி. இந்த அடுக்கு அழற்சியடைவதுதான் யுவியா அழற்சி. இளம்பருவ மூட்டழற்சி உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு இது வருகிறது. பெரும்பாலும் மூட்டு வீங்கிய முதல் நான்கு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். சிலருக்கு மூட்டு வீங்கும் முன்பே கண்ணில் தொடங்கிவிடுவதும் உண்டு.

பெரியவர்களுக்கு வரும் யுவியா அழற்சியில் கண் சிவக்கும், கூசும், வலி தாங்காது; தானாகவே மருத்துவரிடம் ஓடுவார்கள். இந்தக் குழந்தைகளின் கண்ணோ வெள்ளை வெளேரென்று இருக்கும். மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒளிக்கற்றையைக் கண்ணின் முன்னறைக்குள் சாய்வாகச் செலுத்துகிறார். ஆரோக்கியமான கண்ணில் அங்கிருக்கும் நீர் தெளிவாக இருப்பதால் ஒளி போகும் பாதை இருண்டே தெரியும். அழற்சி இருந்தால் அந்தப் பாதையில் வெள்ளணுக்கள் மின்னிக்கொண்டு மெல்ல மிதந்து செல்லும். மருத்துவர் அவற்றை எண்ணுகிறார். அந்தச் சிறு கற்றைக்குள் 6 முதல் 15 வரை இருந்தால் முதல் நிலை, 50-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. 2005-ல் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். எண்ணாமல் விட்டால் ஐரிஸ் பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கண்மணி கோணலாகும். கண்ணின் முன்புற ஜன்னலான கார்னியாவில் கால்சியம் பட்டையாகப் படியும். கண்புரையும் கண் அழுத்த நோயும் பின்தொடரும். குழந்தைக்குப் பார்வை மங்கியது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். கடிதம் எழுதித் தரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

முழங்காலைத் தாக்கும் படை கண்ணை ஏன் தாக்குகிறது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. கண் உண்மையில் நோய் எதிர்ப்பு அமைப்பு அடக்கி வாசிக்கும் இடம். முயலின் கண் முன்னறைக்குள் வைத்த அந்நியத் தோல் துண்டு, வேறு இடத்தில் வைத்ததைப்போல் உடனே நிராகரிக்கப்படாமல் பிழைத்திருப்பதைப் பீட்டர் மெடாவர் 1948-ல் காட்டினார். இந்த அமைதியை ஏதோ ஒன்று குலைக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ உடலுக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதுதான் நம் விசாரணை.

மரபணு விட்டுவைத்த இடம்

உள்ளிருந்து வரும் காரணத்துக்குச் சான்று உறுதியானது. எது சொந்தம், எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் குறிப்பிட்ட சில வடிவங்கள் உள்ள குழந்தைகளுக்குக் கண் அழற்சி அதிகம் வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மரபணுக்களில் ஒன்று தரும் புரதத்தின் ஒரு சிறு பகுதியில் அடுத்தடுத்து வரும் மூன்று அமினோ அமிலங்கள்வரை அந்த அடையாளத்தைச் சுருக்கிக் காட்டியது. அந்தத் தொடர்பு பெண் குழந்தைகளிடம்தான் தெளிவாக இருந்தது.

அப்படியானால் எல்லாம் மரபணுதான் என்று மூடிவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு இரட்டையர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு ஏறத்தாழ முழுக்க ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு இளம்பருவ மூட்டழற்சி வந்தால் மற்றவருக்கும் வருவது நான்கில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு பங்குவரைதான். சாதாரணக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே வரும் நோய் என்பதை வைத்துப் பார்த்தால் இது மிகப் பெரிய எண், மரபணுவின் பலம் அதில் தெரிகிறது. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், ஒரே மரபணு இருந்தும் பாதிக்கு மேற்பட்ட இரட்டையர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அந்தத் தப்பித்தலை மரபணுவால் விளக்க முடியாது.

இங்கே ஒரு வழக்கமான வழுக்கல் நேர்கிறது. மரபணுவால் விளக்க முடியாத மிச்சம் முழுவதையும் ‘சூழல்’ என்று பெயரிட்டு, சூழல் என்றதும் உணவு, புகை, வெயில் என்று தெரிந்த பொருள்களை அந்த மிச்சத்தில் நிரப்பிவிடுகிறோம். மிச்சத்தில் வெறும் தற்செயலும் அடங்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாகும்போது அவற்றின் ஏற்பிகள் குலுக்கல் முறையில்தான் வடிவம் பெறுகின்றன. ஆகவே ஒரே மரபணு உள்ள இருவரிடமும் ஒரே அணுப்படை இருக்காது. காலி இடம் இருக்கிறது என்பதாலேயே அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்துவிடாது.

இரண்டு கேள்விகள்

பெற்றோர் ‘எதனால் வந்தது?’ என்று கேட்பது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஆரோக்கியமான குழந்தைக்கு மூட்டழற்சி வருவது எதனால் என்பது முதல் கேள்வி. மூட்டழற்சி வந்துவிட்ட குழந்தைகளில் சிலருக்கு மட்டும் கண்ணும் பாதிக்கப்படுவது எதனால் என்பது இரண்டாவது. சூழல் காரணிகளைப் பற்றி நாம் படிக்கும் ஆய்வுகளில் பெரும்பான்மை முதல் கேள்விக்கான விடைகள். செய்தியாகும்போதும் ஆலோசனையாகும்போதும் அவை இரண்டாவது கேள்விக்கான விடைகளைப்போல் பரவிவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடக்கும் கிளாரிட்டி என்ற ஆய்வு 2015-ல், சிறுவயதில் உடன்பிறந்தவர்களோடு அதிகம் பழகி வளர்ந்தவர்களுக்கு மூட்டழற்சி குறைவு என்று கண்டது. பின்லாந்தில் 2005-ல் வெளியான ஆய்வு, கருவில் இருக்கும்போது தாய் புகைபிடித்திருந்தால் பெண் குழந்தைகளுக்குச் சிறுவயது மூட்டழற்சி அதிகம் என்றது. பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்தவர்களுக்கோ நேரெதிரான எண் கிடைத்தது. புகைபிடித்த தாய்களின் பிள்ளைகளுக்கு நோய் குறைவாக இருந்தது. புகை பாதுகாக்கிறது என்று யாரும் முடிவுகட்டவில்லை. புகைபிடிப்பவர்களும் பிடிக்காதவர்களும் வேறு பல விதங்களிலும் வேறுபட்டவர்கள், அந்த வேறுபாடுகள் கணக்கில் முழுதாகக் கழியவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். இவை யாவும் மூட்டைப் பற்றிய ஆய்வுகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு மூட்டழற்சி உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்து, கண் பாதிக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டழற்சிக்கு இரண்டு வழிகள்: ஒன்று வலுவான மரபணு, மற்றொன்று ஒரு சூழல் காரணி. கண் அழற்சிக்கு மரபணு மட்டுமே காரணம், சூழலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சூழல் காரணியால் பாதிக்கப்பட்ட 100 மூட்டழற்சிக் குழந்தைகளில் பலர் மரபணு இல்லாமலேயே அந்த வழியில் வந்தவர்கள். மரபணு உள்ளவர்கள் 40 பேர்தான். அந்தக் காரணியே படாத 100 மூட்டழற்சிக் குழந்தைகளுக்கு மரபணுவைத் தவிர வழி அநேகமாக இல்லை. அவர்களில் 90 பேரிடம் அது இருக்கும். மரபணு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கண் அழற்சி வரும் என்றால், முதல் கூட்டத்தில் 8 பேர், இரண்டாவதில் 18 பேர். எண்ணைப் பார்ப்பவர் அந்தச் சூழல் காரணி கண்ணைக் காப்பாற்றுகிறது என்பார். நாம் போட்ட கணக்கிலேயே அதற்குக் கண்ணோடு சம்பந்தமில்லை. நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்ததே அந்த மாயத் தொடர்பை உண்டாக்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதைத் தேர்வுப் பிழை என்பார்கள். கவனமாக நடத்தப்பட்ட ஆய்விலும் இது நுழையும் என்பதுதான் தொல்லை.

வைட்டமின் டி: ஒரு விசாரணை

இத்தனை தடைகளையும் மீறிக் கண்ணோடு நேரடியாகத் தொடர்புபடுத்தப்பட்ட ஒரு சூழல் காரணி வைட்டமின் டி. வெயில் தோலில் படும்போது உடலே தயாரிப்பது அது. ஆகவே இதை ஆராய்வது ஒருவகையில் வெயிலை ஆராய்வதும்தான். 2018-ல் ஜெர்மனியில், மூட்டழற்சி கண்டறியப்பட்ட தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 360 குழந்தைகளின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தார்கள். முதல் மாதிரியில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. நோயின் தீவிரமும் கண் அழற்சி வரும் வாய்ப்பும் வைட்டமின் அளவுக்கு எதிர்த்திசையில் இருந்தன: அளவு குறையக் குறைய ஆபத்து கூடியது. இது இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு என்பதால் இதன் மதிப்பு அதிகம்.

உயிரியலும் துணைக்கு வருகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களில் வைட்டமின் டி-க்கான ஏற்பிகள் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தின் ரேச்சல் காஸ்பி குழுவினர் 2009-ல், செயற்கையாகக் கண் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவத்தைக் கொடுத்தபோது நோய் அடங்கியதைக் காட்டினார்கள். மெல்போர்ன் ஆய்விலும், வாழ்நாளில் அதிகம் வெயில்பட்ட குழந்தைகளுக்கு மூட்டழற்சி குறைவு என்று தெரியவந்தது. தொடர்பு, செயல்படும் வழி, விலங்குச் சோதனை மூன்றும் கையில் இருக்கின்றன. வழக்கை முடித்துவிடலாம்போல்தான் தோன்றும்.

எதிர்த்தரப்பையும் கேட்போம். முதலாவது, காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம். முழங்கால் வலிக்கும் குழந்தை வெளியே ஓடியாடுவதில்லை. வெயில் படுவது தானாகவே குறைகிறது. அழற்சியே இரத்தத்தில் வைட்டமின் டி அளவைத் தாழ்த்தும் என்பதும் தெரிந்த செய்தி. நோய் கடுமையாக உள்ள குழந்தைக்குத்தான் கண் அழற்சியும் வர வாய்ப்பு என்றால், வைட்டமின் குறைவு அந்தக் கடுமையின் அடையாளமாக மட்டுமே நிற்கலாம். இரண்டாவது, வெயில் தோலுக்குள் வைட்டமின் டி-யைத் தவிர வேறு பல மாற்றங்களையும் செய்கிறது. காவல் வேலையை அவற்றில் ஏதேனும் செய்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது வாதம் நம்மூருக்கு அருகில் இருக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத இந்தியாவில், பள்ளிக் குழந்தைகளிடமும் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பதைப் பல கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. வைட்டமின் குறைவே கண் அழற்சிக்குக் காரணம் என்றால் இங்கே அது மலிந்திருக்க வேண்டும். நடப்பில், 2006-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஸ்காண்டிநேவிய நாடுகளில்தான் இது மிக அதிகம், ஆசியாவில் குறைவு என்று கண்டார்கள். நார்டிக் நாடுகளில் 18 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட மூட்டழற்சிக் குழந்தைகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்குக் கண் பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்த மூன்றாவது வாதத்தை நானே முழுதாக ஏற்கமாட்டேன். இந்தியாவில் குதிகாலிலும் இடுப்பிலும் தசைநாண் ஒட்டும் இடங்களைத் தாக்கும் வேறொரு மூட்டழற்சி வகை அதிகம். அது பெரும்பாலும் பையன்களுக்கு வருகிறது. அதில் கண் அழற்சி வந்தால் சிவந்து வலியோடு வெளிப்படையாக வரும். சத்தமில்லாத கண் அழற்சிக்கு இடமளிக்கும் வகை இங்கே குறைவு. ஆக, நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது வைட்டமினை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு நோயின் வகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்கார நாடுகளில் அதிகம் என்பதை வெயில் குறைவுக்குச் சான்றாகக் காட்டுபவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

மெண்டல் குலுக்கல்

தலைகீழ்க் காரணம் என்ற சிக்கலை அவிழ்க்க ஒரு சாமர்த்தியமான உத்தி இருக்கிறது. ஒருவர் இரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கும் என்பதில் வெயிலுக்கும் உணவுக்கும் பெரும்பங்கு இருந்தாலும் சில மரபணுக்களுக்கும் சிறு பங்கு உண்டு. அந்த மரபணுக்களின் எந்த வடிவம் குழந்தைக்குக் கிடைக்கும் என்பது கருத்தரிக்கும் கணத்தில் ஏலச்சீட்டுக் குலுக்கலைப்போல் தற்செயலாகத் தீர்மானமாகிறது. குழந்தை பின்னாளில் நோய்ப்படுமா, வெளியே விளையாடுமா, வீட்டில் பணம் இருக்குமா என்பதெல்லாம் அந்தக் குலுக்கலை மாற்ற முடியாது. எனவே பிறவியிலேயே வைட்டமின் சற்றுக் குறைவாக இருக்கும்படி சீட்டு விழுந்தவர்களுக்கு நோய் அதிகம் வருகிறதா என்று பார்த்தால், இயற்கையே நடத்திவைத்த சோதனையின் முடிவைப் படிப்பதாகும். மரபியலின் தந்தையான மெண்டலின் பெயரால் இதை மெண்டல் குலுக்கல் என்று சொல்லலாம்.

இந்த முறை வேறொரு தன்னெதிர்ப்பு நோயில் பலன் தந்திருக்கிறது. நரம்பு உறைகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய், வைட்டமின் டி குறைவாக இருக்கும்படி சீட்டு விழுந்தவர்களுக்கு உண்மையிலேயே அதிகம் வருவதை 2015-ல் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே இளம்பருவ மூட்டழற்சியிலும் அதே முடிவை எதிர்பார்த்தது தவறில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2023-ல் அதைச் செய்துபார்த்து வெளியிட்டார்கள். வைட்டமின் டி அளவு இந்த நோயை உண்டாக்குவதாகச் சொல்லத்தக்க சான்று கிடைக்கவில்லை.

இதோடு வைட்டமின் டி விடுதலையானதா என்றால், இல்லை. அந்தச் சோதனை முதல் கேள்விக்கானது, மூட்டைப் பற்றியது. கண்ணைப் பற்றிய இரண்டாவது கேள்வி அதில் தொடப்படவில்லை. மேலும் மரபணுக்கள் உண்டாக்கும் வேறுபாடு சிறியது. எல்லோருக்கும் அளவு கொஞ்சம் ஏறினால் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லும். கடும் பற்றாக்குறையில் தத்தளிக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் என்ற சோதனையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் தினமும் வைட்டமின் டி எடுத்தவர்களில் 123 பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கும் புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய் வந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

மூட்டழற்சி உள்ள குழந்தைக்கு வைட்டமின் டி குறைந்திருந்தால் ஈடுசெய்ய வேண்டியதுதான். அதற்கு உறுதியான காரணம் எலும்பு. நோயும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்பை மெலியச் செய்யும் என்பது நிறுவப்பட்ட செய்தி. கண்ணைக் காக்கிறது என்று சொல்லி அதைக் கொடுப்பதும், கண் பரிசோதனைக்குப் பதிலாக அதை நம்புவதும் சான்று அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

குடலிலிருந்து கண்ணுக்கு

அடுத்த சந்தேகம் ஆன்டிபயாடிக். பிரிட்டிஷ் பொது மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்த 2015-ம் ஆண்டு ஆய்வில், ஆன்டிபயாடிக் வாங்கிய குழந்தைகளுக்குப் பின்னால் மூட்டழற்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. எத்தனை முறை வாங்கினார்களோ அதற்கேற்ப அது ஏறியது. அதே ஆண்டு பின்லாந்திலிருந்தும் ஒத்த முடிவு வந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை ஆன்டிபயாடிக் குலைக்கிறது, அது நோய் எதிர்ப்பு அமைப்பின் பயிற்சியைக் கெடுக்கிறது என்பது விளக்கம். மருந்தல்ல, மருந்து வாங்கவைத்த காய்ச்சல்தான் காரணமோ என்று கேட்டால், ஆன்டிபயாடிக் கொடுக்கப்படாத சளிக்காய்ச்சலுக்கு அவ்வளவு தொடர்பு இல்லை என்று பிரிட்டிஷ் ஆய்வே பதில் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வில் தொடர்பு மிக வலுவாக இருந்தது நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஓராண்டில் வாங்கியவற்றுக்குத்தான். மூட்டழற்சியின் தொடக்கக் காய்ச்சலையும் வலியையும் தொற்று என்று எண்ணி மருந்து கொடுத்திருந்தாலும் எண் இப்படியேதான் வந்திருக்கும்.

குடலுக்கும் கண்ணுக்கும் வழி உண்டு என்பதற்கு மிக அழகான சான்று எலியிலிருந்து வந்தது. விழித்திரையின் ஒரு புரதத்தைக் குறிவைக்கும் டி-அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களோடு பிறக்கும்படி காஸ்பி குழுவினர் எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குத் தானாகவே கண் அழற்சி வந்தது. புதிர் என்னவென்றால், அந்தப் புரதம் கண்ணுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே திரியும் டி-அணுக்கள் அதைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அவற்றைத் தூண்டிவிட்டது யார்? கண் நோய் தெரியும் முன்பே அந்த அணுக்கள் குடல் சுவரில் விழித்தெழுந்திருப்பதை 2015-ல் கண்டார்கள். ஆன்டிபயாடிக் கலவை கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களைக் குறைத்தபோதும், நுண்ணுயிரே இல்லாத கூண்டில் வளர்த்தபோதும் நோய் தணிந்தது. குடல் நுண்ணுயிர்களின் சாற்றில் ஊறவைத்த அணுக்களை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கண் அழற்சி வந்தது.

கூர்ந்து படிப்பவர் இங்கே ஒரு முரணைப் பிடிப்பார். எலியில் ஆன்டிபயாடிக் கண்ணைக் காத்தது. குழந்தைகளிடம் அதே மருந்து மூட்டழற்சியோடு சேர்ந்து வருகிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். தூண்டிவிடும் நுண்ணுயிரைத் துடைத்தெறிந்தால் நோய் குறையும். அடக்கி வைக்கும் நுண்ணுயிரைத் துடைத்தெறிந்தால் நோய் கூடும். எது, எந்த வயதில், எவ்வளவு என்பதைப் பொறுத்து விளைவு மாறும். தவிர, எலியில் தாக்கப்பட்டது கண்ணின் பின்புறம், குழந்தைகளுக்குப் பாதிக்கப்படுவது முன்புறம். வழி இருக்கிறது என்று எலி காட்டிவிட்டது, குழந்தைகளின் நோய் அந்த வழியில்தான் வந்தது என்று காட்டவில்லை. ஆகவே தேவைப்படும் ஆன்டிபயாடிக்கைப் பயந்து நிறுத்துவதற்கு இதில் நியாயமில்லை. தேவையில்லாததைக் கொடுக்காமல் இருப்பதற்கு ஏற்கெனவே வேறு காரணங்கள் போதுமானவை உண்டு.

மருந்தும் சூழல்தான்

சூழல் என்றால் மரபணு அல்லாத எதுவும் என்று எடுத்துக்கொண்டால், சிகிச்சையும் அதில் சேரும். மற்றக் காரணிகளைவிட இங்கேதான் தரை உறுதியாக இருக்கிறது. மூட்டழற்சிக்குக் கொடுக்கப்படும் எட்டானர்செப்ட் மூட்டை நன்றாக ஆற்றினாலும் கண்ணைக் காப்பதில்லை. அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே புதிதாகக் கண் அழற்சி வந்தவர்கள் உண்டு. எட்டானர்செப்ட் தடுக்கும் அதே புரதத்தையே தடுக்கும் அடலிமுமாப் வேறுவிதம். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்தும் கண் அடங்காத 90 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்த சைக்கமோர் சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. அடலிமுமாப் சேர்த்துக் கொடுத்த 60 பேரில் 16 பேருக்குச் சிகிச்சை தோற்றது; வெறும் ஊசி போடப்பட்ட 30 பேரில் 18 பேருக்குத் தோற்றது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மூட்டழற்சி தொடங்கிய முதல் ஆண்டிலேயே மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்தவர்களுக்குப் பின்னால் கண் அழற்சி வருவது குறைவு என்று ஜெர்மனியின் தேசியப் பதிவேடும் சொல்கிறது. இது குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல என்பதால் முன்சொன்ன சந்தேகங்கள் இதற்கும் கொஞ்சம் பொருந்தும். ஆனாலும் கடும் நோயுள்ளவர்களுக்குத்தான் அந்த மருந்தைச் சீக்கிரம் தொடங்குவார்கள். அவர்களுக்குக் கண் பாதிப்பு அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுக்கும் அந்த விசையையும் மீறிக் குறைவாக இருந்தது என்பதுதான் இதை நம்பவைக்கிறது.

பரிசோதனைக் கால இடைவெளியும் இந்த வரிசையில் வருகிறது. ஆபத்து அதிகமுள்ள குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி சொல்கிறது. இது அழற்சி வருவதைத் தடுக்காது, பார்வை போவதைத் தடுக்கும்.

ஏன் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை?

வைட்டமின் டி-யை ஒரு பாதிக் குழந்தைகளுக்குக் கொடுத்து, மறுபாதிக்கு வெறும் சொட்டு மருந்து கொடுத்து, எத்தனை கண் பாதிக்கப்படுகிறது என்று எண்ணினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு இவ்வளவு சுற்றல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை எண்ணிக்கையில் இருக்கிறது. மூட்டழற்சி உள்ள 100 குழந்தைகளில் 15 பேருக்குக் கண் அழற்சி வரும் என்று கொள்வோம். வைட்டமின் அதை 12 ஆகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையானால் இது அற்பமல்ல. அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலால் வந்ததல்ல என்று வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 2,000 குழந்தைகள் வேண்டும். மொத்தம் 4,000 பேர். சைக்கமோரில் 90 பேர் போதுமாக இருந்ததற்குக் காரணம் அங்கே விளைவு பெரியது, எல்லோருக்கும் கண் நோய் ஏற்கெனவே இருந்தது. இங்கே எல்லோரும் கண் நோய் வருவதற்கு முன்பே சேர்க்கப்பட வேண்டும். மூட்டு வீங்கிய சில வாரங்களுக்குள் சேர்த்தாக வேண்டும், தாமதித்தால் ஆபத்தான முதல் ஆண்டு கைநழுவிவிடும். பிறகு நான்கு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு குழந்தையின் முன்னறையிலும் அணுக்களை எண்ண வேண்டும். பற்றாக்குறை கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்கு எலும்புக்காக வைட்டமின் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், மிகக் குறைந்த அளவு உள்ளவர்களை, அதாவது விளைவு தெரிய வாய்ப்பு மிகுந்தவர்களையே, அந்தச் சோதனையில் வெறும் சொட்டு மருந்தோடு வைத்திருக்க முடியாது.